கார்குழலியின் அலமாரி

2007ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்கு, கார்குழலி மனுஷியே இல்லை என்று அவளுக்கு மெயில் வந்தது.

மெயில் ஆங்கிலத்தில் இருந்தது. தண்டையார்பேட்டையில் ரிஃபானா நடத்திவந்த பிரவுசிங் சென்டரில், ஆறாம் நம்பர் கம்ப்யூட்டர் முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். எழுத்துக்கூட்டி இரண்டு வரி படித்துவிட்டு, சந்தேகத்தோடு ரிஃபானாவைக் கூப்பிட்டாள். ரிஃபானா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முழுவதையும் படித்தாள்.

"இன்னாக்கா போட்டுகீறான்?"

"உன் பேர்ல வெளாடுனது ஆளு இல்லியாம். எதோ புரோகிராம் வெச்சி வெளாடிகீறியாம். அதனால கணக்க மூடிட்டான். சேத்த சாமானெல்லாம் போச்சி."

"புரோகிராம்னா?"

"மிஷினு. நீ மிஷினாம்டி."

கார்குழலி சிரித்தாள். பிறகு தன் பெயரைப் போட்டு உள்ளே போகப் பார்த்தாள். கதவு திறக்கவில்லை. மறுபடி போட்டாள். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்து நின்றது. அப்போதுதான் சிரிப்பு நின்றது.

அவளுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. வீடு கொருக்குப்பேட்டையில். அப்பா லோகநாதன் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கியவர், போய்ச் சேர்ந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அம்மா கெங்கம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. தம்பி பீம்ராவ் பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். கார்குழலி பத்தாவது முடித்து, பதினெட்டு வயதில், திருவொற்றியூரில் லாரிகளுக்கு போல்ட்டும் ஸ்குரூவும் செய்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தவள். செக்கிங் செக்‌ஷன். காலை ஆறு மணி ஷிப்டு. எண்ணெய் மினுக்கோடு தட்டில் வந்து விழும் போல்ட்டுகளை ஒரு கை அள்ளி, விளக்கடியில் உருட்டி, மரை சிதைந்திருக்கிறதா, தலையில் பிசிறு இருக்கிறதா என்று பார்த்து, நல்லதை வலப்பக்கமும் கெட்டதை இடப்பக்கமும் தள்ள வேண்டும். பதினொரு வருஷமாக அதைச் செய்துகொண்டிருந்தாள். கை அதன்பாட்டுக்கு ஓடும். வாய் பக்கத்து சீட்டுப் பெண்ணோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பெரிய ஆட்கள் கம்பெனியைப் பார்க்க வந்தால், சூப்பர்வைசர் அவர்களை அவள் மேஜைப் பக்கமாக ஒரு சுற்று கூட்டிவருவார். அவள் கையைக் காட்டத்தான்.

அதே சூப்பர்வைசருக்கு அவளைக் கண்டால் ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் கம்பெனியில் பெண்களுக்கு இருந்த ஒரே கக்கூசின் கதவில் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நாளுக்கு ஒரு லாரி ஸ்குரூ வெளியே போகிற இடத்தில், நாலு ஸ்குரூ வைத்து ஒரு தாழ்ப்பாள் மாட்ட ஆள் இல்லை. கார்குழலி ஒரு தாளில் எழுதி, நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கி மேனேஜரிடம் கொடுத்தாள். யார் எழுதியது என்று கேட்டபோது கையைத் தூக்கினாள். மூன்று நாள் உள்ளே விடவில்லை. நாலாம் நாள் போனபோது தாழ்ப்பாள் இருந்தது.

டார்வெனா என்ற அந்த ஆன்லைன் விளையாட்டுக்குள் அவள் போனது தற்செயலாகத்தான். தம்பியின் பரீட்சை முடிவு பார்க்க ஒருநாள் ரிஃபானாவின் சென்டருக்கு வந்தாள். பிரிண்டர் மக்கர் செய்தது. காத்திருந்த நேரத்தில், பக்கத்துத் திரையில் யாரோ பாதியில் விட்டுப்போன கடற்கரை ஒன்று தெரிந்தது. அலை வந்து போய்க்கொண்டிருந்தது. கரையில் கையில் வாளோடு ஒரு உருவம், யாருக்காகவோ காத்திருப்பதுபோல நின்றது.

"புதுசா வந்துகீற கேமு," என்றாள் ரிஃபானா. "மொத ஒரு மணி நேரம் ஓசி. சொம்மா ஒக்காந்துகினு இருக்கறதுக்கு வெளாடிப் பாரேன்."

வாளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய்ப் பூதத்தோடும் பறக்கும் பாம்போடும் சண்டை போடுவதற்காகச் செய்யப்பட்ட விளையாட்டு அது. கார்குழலி காட்டுப் பக்கமே போகவில்லை. கரையில் கிடந்த ஒரு கல்லைப் புரட்டினாள். வெறும் மணல். இன்னொன்றைப் புரட்டினாள். மணல். பிரிண்டர் சரியாகி, தம்பி பாசான தாள் கைக்கு வந்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. நூறு கல்லுக்கு மேல் புரட்டியிருப்பாள். ஒன்றுக்கு அடியில் நீல நிறத்தில் ஒரு மணி கிடைத்தது. அதைத் தொட்டால் ஒரு வரி எழுத்து வந்தது. யாருடைய மாலையிலிருந்து அறுந்தது என்று யாருக்கும் தெரியாத மணி என்று அதற்கு அர்த்தம் சொன்னாள் ரிஃபானா.

மறுநாள் ஷிப்டு முடிந்து நேராக அங்கே வந்தாள். அதற்கு அடுத்த நாளும் வந்தாள்.

டார்வெனாவில் கல்லுக்கடியிலும் மரப்பொந்திலும் இப்படி ஆயிரம் சாமான் ஒளிந்துகிடக்கும். சிலந்தி இழை, ஆந்தை இறகு, பச்சைச் செம்பு, கரி முத்து. பெரும்பாலோர் அவற்றைச் சேர்த்துக் கவசமும் கத்தியும் செய்தார்கள். ஆனால் அதே சாமான்களை வேறு விகிதத்தில் சேர்த்தால் வேறு சில பொருள்களும் உருவாகும் என்பதைக் கார்குழலி தானாகவே கண்டுபிடித்தாள். மழைக்கு முன்னால் கத்துகிற தகரத் தவளை. எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிக்கொத்து. வடக்கைத் தவிர எல்லாத் திசையும் காட்டுகிற திசைகாட்டி. சண்டையில் ஒன்றுக்கும் உதவாதவை. ஒவ்வொன்றையும் செய்ய வாரக்கணக்கில் கல் புரட்ட வேண்டும். விளையாட்டைச் செய்தவர்களே வேடிக்கைக்காகப் போட்டுவைத்து மறந்துபோன பொருள்கள் அவை.

சவரிநாதன் அவளைக் கிண்டல் செய்வான். ராயபுரத்துக்காரன், ஹார்பரில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் கிளார்க், ஐந்து மணிக்கு மேல் ஏழாம் நம்பர் சீட்டில் வந்து உட்கார்ந்து பூதம் அடிப்பவன்.

"இன்னாக்கா இது, தவள? இத்த வெச்சிகினு எவன அடிப்ப?"

"எவனயும் அடிக்க வாணாம். மய வந்தா கத்தும்."

"மய வந்தா எனக்கே தெரியுமே."

"ஒனக்கு வந்தப்பறம் தெரியும். தவளைக்கு மின்னாடியே தெரியும்."

ஒருநாள் ரிஃபானாவும் கேட்டாள், இதில் அப்படி என்ன இருக்கிறது என்று. கார்குழலி கல் புரட்டிக்கொண்டே சொன்னாள். "காலீல ஆறு மணிலேர்ந்து நான் தொடுறதெல்லாம் எதுக்கோ ஒதவுற சாமான்க்கா. எவன் வண்டிக்கோ போவுது. இது எதுக்கும் ஒதவாது. நான் செஞ்சேன், என் கூட கீது. அவ்ளோதான்."

விளையாட்டுக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு குடிசை உண்டு. குடிசையில் ஒரு அலமாரி, அதில் நாற்பத்தெட்டு இடம். ஒரு வருஷத்தில் கார்குழலி நாற்பத்தொன்றை நிரப்பிவிட்டாள். 'குழல்29' என்ற பெயரில் இருந்த அந்த அலமாரியைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்தார்கள். கௌஹாத்தியிலிருந்து ஒருவர் வாரம் தவறாமல் வந்து, தவளை முன்னால் நின்றுவிட்டுப் போவார். குடிசை வாசலில் இருக்கும் வரவேற்பேட்டில் யாராவது பாராட்டி எழுதினால் ரிஃபானா படித்துச் சொல்வாள்.

கல் புரட்டும் வேலையைத் தானே செய்துகொள்ளும் திருட்டு புரோகிராம்கள் இருந்தன என்பது உண்மை. சவரிநாதனே ஒன்றை சிடியில் கொண்டுவந்து நீட்டினான். போட்டுவிட்டுப் போனால் அதுவே பொறுக்கும் என்றான்.

"அது பொறுக்குனா அது சேத்தது. அத்த என் அலமாரில வெச்சிகினு நான் இன்னா பண்றது?" என்று திருப்பிக் கொடுத்தவள் அவள். அவளுக்குத்தான் அந்த மெயில் வந்தது.

முதல் பதிலை ரிஃபானா மரியாதையாக எழுதினாள். தவறு நடந்துவிட்டது, தயவுசெய்து பாருங்கள் என்று. வந்த பதிலில் முதல் மெயிலில் இருந்த அதே வரிகள் இருந்தன. இரண்டாம் முறை கார்குழலி சொல்லச் சொல்ல அப்படியே ஆங்கிலத்தில் போட்டாள். அதற்குக் கொஞ்சம் விவரமாகப் பதில் வந்தது. ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவே இந்தக் கணக்கு எடுத்துக்கொள்ளும் நேரம், மணிக்கணக்கில் ஒரு இம்மி மாறவில்லை. மனிதக் கையால் இது முடியாது. அப்படியே மனிதர்கள்தான் என்றால், ஒரே கணக்கில் பல பேரை ஷிப்டு போட்டு விளையாட வைக்கும் இடமாக அந்த சென்டர் இருக்கலாம். அப்படியானால் விளையாட்டு நேரத்துக்கான கார்டுகளை விற்க சென்டருக்குக் கொடுத்திருக்கும் உரிமையையும் யோசிக்க வேண்டியிருக்கும்.

கடைசி வரியைப் படித்துவிட்டு ரிஃபானா எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

"என்னால உனுக்கு பேஜாரு," என்றாள் கார்குழலி. "உட்டுடலாங்க்கா."

"நீ உட்டா நீ மிஷினு. நான் ஆள வெச்சி திருட்டு வேல பாக்கறவ." ரிஃபானா கீபோர்டை இழுத்துக்கொண்டாள். "சொல்லு, அடுத்தது இன்னா எழுதணும்?"

சவரிநாதன் நல்லெண்ணத்தோடு ஒரு வழி சொன்னான். வேறு பேரில் புதுக் கணக்கு தொடங்கிக்கொள்ளலாம், அஞ்சு நிமிஷ வேலை. "அப்ப அவன் சொன்னது நெஜம்னு ஆயிடும் இல்ல?" என்று கேட்டாள் கார்குழலி. அவன் தன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வீட்டில் கெங்கம்மாவுக்கு விஷயம் தெரிந்தபோது சந்தோஷம்தான். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "நல்லதாப் போச்சி. பொம்ம சாமானுக்குப் போயி ஒரு வருசமா அந்தப் பொட்டி முன்னாடி ஒக்காந்துகினு இருந்த. இனிமேலாவது நேரத்தோட வூட்டுக்கு வா."

"பொம்ம சாமானாவே இருக்கட்டும். திருடிட்டேன்னு சொல்றாம்மா."

"எவன் சொன்னான்?"

"கம்பெனிக்காரன்."

கெங்கம்மா கத்தியைக் கீழே வைத்தாள். பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சரின் பேனா காணாமல் போனபோது முதலில் ஆயாவின் பையைத்தான் கொட்டிப் பார்த்தார்கள். அது நடந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. பேனா டீச்சரின் மேஜை டிராயரிலேயே கிடைத்தது. யாரும் கெங்கம்மாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

"எந்த ஊர்ல கீறான் அவன்?" என்று கேட்டாள்.

அவர்கள் ஹைதராபாத்தில் இருந்தார்கள். ஆனால் அக்டோபர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நுங்கம்பாக்கத்தில் ஒரு ஹோட்டல் ஹாலில் விளையாட்டாளர்களுக்காகப் பெரிய விழா வைத்தார்கள். கணக்கு உள்ளவர்களுக்கு மட்டும் அனுமதி. கார்டு விற்கும் சென்டர்காரர்களுக்கு இரண்டு பேருக்கான அழைப்பு. ரிஃபானா அந்த அழைப்பை எடுத்துக்கொண்டாள். சவரிநாதன் தன் கணக்கைக் காட்டி உள்ளே வருவதாகச் சொன்னான். மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். கார்குழலி தீபாவளிக்கு எடுத்த கத்தரிப்பூ நிறச் சேலையை முன்கூட்டியே கட்டிக்கொண்டாள்.

ஹால் முழுக்கக் குளிர். இருநூறு பேர் இருப்பார்கள், பெரும்பாலும் காலேஜ் வயது. சுவரில் ஆள் உயரத்துக்குப் பூதங்களின் படம். மேடையில் முகுந்த் என்று ஒருவர் பேசினார். இந்த விளையாட்டுக்குத் தென்னிந்தியப் பொறுப்பாளர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பேசி முடித்து, யாராவது ஏதாவது கேட்கலாம் என்று சொன்னபோது, மைக் கார்குழலியின் கைக்கு வருவதற்குள் அவளே எழுந்து மைக்கிடம் போய்விட்டாள்.

"என் பேரு கார்குழலி சார். கேமுல குழல்29. நான் மிஷினுன்னு சொல்லி கணக்க மூடிட்டீங்க. இதோ வந்துகீறேன். பாத்து சொல்லு சார், மிஷினா நானு?"

ஹாலில் சிரிப்பு எழுந்தது. அவள் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்களும் அதில் இருந்தார்கள். முகுந்த் கையைக் காட்டி அடக்கினார். "மேடம், தனிப்பட்ட கணக்கைப் பத்தி இங்க பேச முடியாது. மெயில் போடுங்க."

"ஒம்போது மெயிலு போட்டாச்சி. ஒயுங்கா ஒருத்தன் படிக்கல."

"கொஞ்சம் மரியாதையா பேசினீங்கன்னா நல்லாருக்கும்."

"நான் இன்னா சார் மரியாத இல்லாம பேசிட்டேன்? எங்க பக்கத்துல இப்டித்தான் பேசுவோம். திருடின்னு நீங்கதான எழுதுனீங்க, நல்ல இங்கிலீஷ்ல? எனக்கு அது மரியாதயா தெரியல."

நடுவரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். பெயர் மலிகா, பெரம்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்று பிறகு தெரிந்தது. "தவளை அலமாரி நீங்களா?" என்று கேட்டாள். "ரெண்டு மாசமா உங்க குடிசை பூட்டிக் கிடக்குதேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்." அவளைத் தொடர்ந்து பின்னாலிருந்து இரண்டு மூன்று குரல்கள். அந்த அலமாரியைப் பார்த்தவர்கள் அங்கே இருந்தார்கள்.

கார்குழலி மைக்கை விடவில்லை. "எனக்கு ஒரு மிஷினு குடு சார். ஒரு மணி நேரம். ஒங்க எதுர்லயே கல்லு பொரட்டுறேன். அப்பால எது வேணா எழுதிக்கோ."

முகுந்த் மேடையோரம் நின்ற தன் கம்பெனி இன்ஜினியரைப் பார்த்தார். அந்த ஒல்லியான மனிதர் தோளைக் குலுக்கினார். செய்தால் என்ன என்பதுபோல.

ஓரத்தில் இருந்த ஒரு கம்ப்யூட்டரில் புதுக் கணக்கு ஒன்றை ஆரம்பித்து அவளை உட்கார வைத்தார்கள். பக்கத்துத் திரையில் இன்ஜினியர் தன் கண்காணிப்பு புரோகிராமைத் திறந்தார். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஆகும் நேரத்தைக் காட்டி அதில் ஒரு கோடு ஓடும். மனிதக் கை என்றால் கோடு மேடும் பள்ளமுமாகப் போகும், புரோகிராம் என்றால் நேராகப் போகும் என்று சுற்றி நின்றவர்களுக்குச் சொன்னார்.

கார்குழலி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். முதல் சில நிமிடம் கோடு தடுமாறியது. மௌஸ் புதுசு, நாற்காலி உயரம். நாற்காலியைத் தாழ்த்திக்கொண்டாள். பிறகு கை ஓடத் தொடங்கியது. கல், மணல், கல், மணல். கோடு மெல்ல மெல்லப் படிந்து, கடைசியில் ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல நேராக நின்றது. இருபதாவது நிமிடத்தில் திரையில் சிவப்புக் கட்டம் வந்தது. இது மனிதர் அல்ல என்று எச்சரிக்கை.

யாரோ பின்னால் விசிலடித்தார்கள். இன்ஜினியர் குனிந்து அவள் விரலைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். மறுபடி விரலைப் பார்த்தார்.

"பேசிக்கிட்டே செய்ய முடியுமாம்மா?" என்று கேட்டார்.

"பேசாம எப்பிடி சார் செய்றது? போரடிக்காது?" என்றாள் கார்குழலி. தான் எங்கே வேலை பார்க்கிறாள், என்ன வேலை, தட்டு எப்படி வரும், பக்கத்து சீட்டு முப்பிடாதி தினம் என்ன குழம்பு கொண்டுவருவாள் என்று சொல்லிக்கொண்டே போனாள். கோடு அசையவில்லை. "பதினோரு வருசம் சார். மொத வருசம் கை லேட்டானா சூப்ரைசர் ஸ்கேலால தட்டுவாரு. அந்தக் கைதான் இது. கம்பெனிக்கு வேல செஞ்சா நல்ல கைன்னு நாலு பேருக்குக் காட்றாங்க. எனக்குன்னு வெளாடுனா மிஷினுன்றீங்க."

போதும் என்றார் முகுந்த். "ஒரு மணி நேரம்னுதான பேச்சு?" என்று சொல்லிவிட்டு அவள் தொடர்ந்தாள். கடிகாரத்தில் ஒரு மணி நேரம் முடிந்த பிறகுதான் எழுந்தாள். சிவப்புக் கட்டம் அதற்குள் மூன்று முறை வந்திருந்தது.

அங்கேயே முடிவு சொல்லும்படி கேட்டாள். மேலிடத்தில் பேச வேண்டும் என்றார் முகுந்த். "பேசு சார். பாத்தவங்க இத்தினி பேரு கீறாங்க," என்றாள். வெளியே வந்து ரோட்டோரம் மூன்று பேரும் டீ குடித்தார்கள்.

பன்னிரண்டு நாள் கழித்து மெயில் வந்தது. நல்லெண்ணத்தின் பேரில் கணக்கைத் திறந்துவிடுவதாகவும், ஆனால் சேர்த்த பொருள்களைச் சரிபார்க்க வழியில்லாததால் அவற்றைத் திருப்பித் தர முடியாது என்றும், அதற்கு ஈடாக எரிமலை வாள் ஒன்றைப் பரிசாகத் தருவதாகவும் எழுதியிருந்தார்கள்.

சவரிநாதன் சீட்டிலிருந்து குதித்துவிட்டான். "அக்கா! அந்த வாளு இந்தியாவுலயே பத்து பேருகிட்ட இருந்தா சாஸ்தி!"

"எனக்கு இன்னாத்துக்குடா வாளு?"

"வித்தாகூட..."

"ரிஃபானாக்கா, எழுது." கார்குழலி நின்றுகொண்டே சொன்னாள். "நல்லெண்ணம் வாணாம். தப்பு பண்ணிட்டோம்னு எழுதட்டும். வாளு வாணாம். என் சாமான் வேணும். அது வர்ற வரைக்கும் நான் உள்ள போவ மாட்டேன்."

போகவில்லை. திறந்து கிடந்த கணக்குக்குள் மூன்று மாதம் அவள் நுழையவே இல்லை. ஷிப்டு முடிந்து வழக்கம்போல வருவாள், ஆறாம் நம்பரில் உட்கார்ந்து மெயில் வந்திருக்கிறதா என்று பார்ப்பாள், போவாள். இடையில் சவரிநாதன் ஒரு காரியம் செய்தான். வாள் போன துக்கம் ஆறியதும், விளையாட்டாளர்கள் கூடிப் பேசும் இணையப் பக்கத்தில் நடந்ததையெல்லாம் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதிப் போட்டான். இதேபோல் மிஷின் என்று துரத்தப்பட்டவர்கள் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டான். பதினொரு பேர் சொன்னார்கள். கொல்லத்தில் கோர்ட்டில் டைப் அடித்து ஓய்வுபெற்ற ஒருவர். மங்களூர்ப் பக்கம் பீடி சுற்றும் ஒரு பெண். நாசிக்கில் காஜா எடுக்கும் ஒரு தையல்காரர். ஒவ்வொருவர் தொழிலையும் ரிஃபானா தமிழில் சொல்லச் சொல்ல, கார்குழலி "அதான, அதான" என்று தலையாட்டிக்கொண்டே கேட்டாள். பன்னிரண்டு பேரும் சேர்ந்து ஒரே கடிதமாக அனுப்பினார்கள். ஹாலில் அந்த நேர்கோட்டைப் பார்த்த மலிகாவும் இன்னும் சிலரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

2008 ஜனவரியில், பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால், பதில் வந்தது. இனி ஆள் யாராவது நேரில் விசாரிக்காமல் கணக்கை மூடுவதில்லை என்று விதியை மாற்றியிருந்தார்கள். மற்ற பதினொரு கணக்குகளும் திறந்தன, சேர்த்த பொருள்களும் திரும்பின. தவறு நேர்ந்ததற்கு வருந்துகிறோம் என்று எழுதியிருந்தது. ரிஃபானா அந்த வரியை இரண்டு தடவை வாசித்தாள். கார்குழலி மூன்றாம் தடவையும் வாசிக்கச் சொன்னாள். அதைப் பிரிண்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய், என்ன எழுதியிருக்கிறது என்று கெங்கம்மாவுக்கு எடுத்துச் சொன்னாள். கெங்கம்மா தாளை மடித்துத் தன் வேலைப் பையில் வைத்துக்கொண்டாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அந்த டீச்சரிடம் அதைக் காட்டி, இது என் பொண்ணுக்கு வந்தது, கொஞ்சம் சத்தமாப் படிச்சிச் சொல்லுங்க என்று கேட்டாளாம்.

அலமாரியில் முப்பத்தெட்டுப் பொருள் திரும்பியிருந்தது. மூன்று வரவில்லை. காது கேட்கும் கூழாங்கல், பாதி எரிந்த விளக்கு, ஊமைச் சங்கு. அவற்றின் பதிவு அழிந்துவிட்டது, மீட்க முடியவில்லை என்று கடிதத்தின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள்.

"நீதான் செஞ்சவ, மறுபடி செஞ்சிக்க மாட்டியா?" என்றாள் ரிஃபானா.

"செய்ய முடியும். செய்ய மாட்டேன்."

ஒவ்வொரு பொருளுக்குக் கீழேயும் பெயர் எழுத ஒரு சின்னப் பலகை உண்டு. காலியாக இருந்த மூன்று இடத்திலும் மூன்று பலகை வைத்தாள். பொருளின் பெயர், அதைச் செய்த தேதி, அதற்குக் கீழே 'கம்பெனி தொலைத்தது'. தமிழிலும் எழுதினாள், ரிஃபானாவைக் கேட்டு ஆங்கிலத்திலும் எழுதினாள். பார்க்க வந்தவர்கள் தவளையைவிட அந்த மூன்று வெற்றிடத்தின் முன்னால்தான் அதிக நேரம் நின்றார்கள். வரவேற்பேட்டில் கேள்விகள் குவிந்தன. கௌஹாத்திக்காரர் ஒரு பக்கம் எழுதினார்.

மார்ச் மாதம் சென்டருக்கு போன் வந்தது. முகுந்த். ரிஃபானா ரிசீவரை நீட்டினாள்.

"மேடம், எல்லாமே சுமுகமா முடிஞ்சிருச்சு. அந்த மூணு பலகை மட்டும்... புதுசா வர்றவங்க எல்லாம் அதைப் பத்தியே கேக்கறாங்க. எடுத்துட்டீங்கன்னா நல்லாருக்கும்."

"அதுல பொய் எதுனா எழுதிகீறேனா சார்?"

"பொய்ன்னு சொல்ல வரலை..."

"அப்ப இருக்கட்டும் சார். நாஸ்தா துன்ட்டியா? சரி, வெச்சிட்றேன்."

ரிசீவரை வைத்துவிட்டு ஆறாம் நம்பருக்குப் போனாள். நாற்பத்திரண்டாவது இடம் காலியாக இருந்தது. அதில் வைக்க நினைத்த பொருளுக்கு இருநூறு கரி முத்து வேண்டும். எழுபதுதான் சேர்ந்திருந்தது. நாற்காலியைத் தாழ்த்திக்கொண்டு முதல் கல்லைப் புரட்டினாள்.